ஷாப்டை முறித்தது என் கல் இல்லை

முதலில் ‘டங்’ என்று ஒரே ஒரு சத்தம். தண்டவாளத் துண்டில் சம்மட்டியால் அடித்தால் கேட்குமே, அது. அடுத்த மூச்சு விடுவதற்குள் மில்லுக்குள் இருந்த இரைச்சல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

நான் சல்லடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். முறத்தில் அரைப்படி நெல். கண்ணை உயர்த்திப் பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுவரோரமாகச் சுற்றி எல்லா மிஷினையும் ஓட்டுகிற இரும்புத் தண்டு, மெயின் ஷாப்ட், இரண்டாகிக் கிடக்கிறது. அதில் மாட்டியிருந்த பெரிய புல்லி, மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருக்கும், கீழே வந்துவிட்டது. பெல்ட் சாரைப்பாம்பு மாதிரி ஒரு துள்ளு துள்ளிக் கூரை ஓட்டைத் தட்டிவிட்டு விழுந்தது. தவிட்டுத் தூசி எழும்பி எல்லாரையும் மூடிக்கொண்டது.

தூசிக்குள்ளிருந்து, “அம்மாடீ, என் காலு” என்று ஒரு குரல்.

கோவிந்தராசு அண்ணன். மோட்டாரையும் மிஷினையும் பார்த்துக்கொள்கிறவர். மில்லு டிரைவர் என்று சொல்லுவோம். புல்லி அவருடைய வலது முழங்கால் மேல் இறங்கியிருந்தது. நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து அதைப் புரட்டித் தள்ளினோம். கையெல்லாம் எண்ணெயும் ரத்தமும்.

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் கீழே கிடந்த மனுஷனைப் பார்க்கவில்லை. ஷாப்டைப் பார்த்தார். அப்புறம் என் சல்லடையைப் பார்த்தார்.

“தையலு, என்னத்த உள்ள விட்ட?”

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பார்வை எங்கிருந்து எங்கே போனது என்பதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

சலிக்கிறவள் கை

எழுபதுகளின் கடைசி. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். என் மூத்தவளுக்குப் பால் பல் விழ ஆரம்பித்த வருஷம், அவ்வளவுதான் தெரியும்.

காரைக்கால் பக்கம் போலகத்திலிருந்து பட்டினம் போகிற ரோட்டில் இருந்தது அந்த மில். பிரெஞ்சுக்காரன் காலத்தில் முதலாளியின் அப்பா கட்டியது. போன வாரம் நெல் அவிக்கிற தொட்டியைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியிருந்தேன் அல்லவா, தொட்டியில் வேலை செய்து கால் வெந்த பிறகுதான் என்னைச் சலிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

சலிப்பது என்றால் சும்மா ஆட்டிவிட்டுப் போவது இல்லை. கப்பி ரோட்டில் காயப்போட்ட நெல் வரும். களத்து மண்ணோடு அள்ளிக் கட்டிய நெல் வரும். அதில் ஜல்லி, ஆணி, வளையல் துண்டு, மாட்டு லாடத்துச் சில்லு, எல்லாம் இருக்கும். ஒருமுறை ஒரு மூக்குத்தியைக்கூட எடுத்து உரியவளிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது பாதி, உள்ளங்கையால் பார்ப்பது பாதி. நெல் உருளும். கல் உருளாது, இடறும். அந்த இடறல் என் கைக்குத் தெரியும். நான் சலித்த மூட்டையில் கல் இருந்தது என்று ஒருத்தரும் வந்து சொன்னது கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். கல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று மில்லில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அரைக்கிற மிஷின் கிறீச்சென்று கத்தும். உள்ளே இருக்கிற சல்லடைத் தகடு கிழியும். பெல்ட் வழுக்கி ரப்பர் கருகுகிற வாடை வரும். அன்றைக்குக் கத்தலும் இல்லை, கருகலும் இல்லை. மிஷினைத் திறந்து பார்த்தார்கள். தகடு முழுசாக இருந்தது.

அதைத்தான் சொன்னேன்.

“கல்லு நொறுங்கிப் போயிருக்கும்” என்றார் முதலாளி.

“நொறுங்கிப் போற கல்லு, என் கைத்தண்டி இரும்ப முறிக்குமா மொதலாளி?”

“வாய்க்கு வாய் பேசாத. தூங்கி வழிஞ்சிருப்ப. அசதில விட்டிருப்ப. போன வருஷம் போட்ட ஷாப்டு இது. கோயமுத்தூர்லேர்ந்து வரவழைச்சது. நயம் இரும்பு. தானா முறியுமா?”

தானாக முறியாது. ஆகவே தையல்நாயகி முறித்தாள். இதுதான் அவர் கணக்கு. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருத்தர், காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவராம், எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். முன்பு ஒரு வாரம் இந்த ஷாப்டைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கனம் குறைவாக இருந்தாலும் திரும்பத் திரும்ப ஏற்றினால் இரும்பு ஒருநாள் விட்டுவிடுமாம். அதற்குச் சோர்வு என்றே பெயராம். புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்களாம்.

கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. படித்து முடித்தபோது கோபம்தான் வந்தது. இரும்புக்கு அசதி வரும் என்று உட்கார்ந்து யோசித்து எழுத ஆள் இருந்திருக்கிறது. அதே மில்லில், அதே ஷாப்டுக்குக் கீழே, விடிந்ததிலிருந்து இடுப்பு நிமிராமல் சலித்தவளுக்கு அசதி என்றால் அது மட்டும் குற்றம்.

அடிபம்பில் கேட்ட பேச்சு

வேலை போனதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். மில் ஒன்றா இரண்டா. என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். “விடு தையலு, நடவுக்கு வா, சேத்துல எந்த ஷாப்டும் இல்ல” என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார், பாவம்.

கோவிந்தராசு அண்ணனின் பெண்சாதி காமாட்சி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. என் வயதுதான். என் இரண்டாவது பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தவள். அண்ணனைக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோய், இரண்டு மாசம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். காலை எடுக்கவில்லை. ஆனால் முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, கம்பை நட்டு வைத்த மாதிரி ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் இனிமேல் உட்காரமுடியும்.

மறுநாள் அடிபம்பில் நான் குடத்தை வைத்தேன். காமாட்சி தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“என்ன காமாட்சி, அண்ணன் எப்பிடி இருக்காரு?”

“ஏன், இன்னொரு கால் பாக்கி இருக்கான்னு கேக்குறியா?”

பம்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

“நான் கல்லு விடல காமாட்சி.”

“உன் கண்ணு எங்கடி போச்சு அன்னிக்கு? பெரிய இவளாட்டம் ‘என் கையில தப்பாது, என் கையில தப்பாது’ன்னு பீத்திப்பியே. இப்பப் பாரு, எம் புருஷன் கக்கூஸ் போவ நான் தாங்கிப் பிடிக்கிறேன்.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதிக்குடம்தான் இருந்தது.

ஒருத்தி என்னைத் திட்டினால் நான் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கு அந்தக் கால் நிஜம். என் கல்தான் பொய். பொய் என்று எனக்குத் தெரிந்தால் போதுமா? அவளுக்குத் தெரியவேண்டாமா?

இரும்பு ஏன் முறிந்தது என்று யாராவது எனக்குச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காதர் பாய் பட்டறை

முறிந்த ஷாப்டின் ஒரு துண்டை அறுத்து, புதுசு கடைவதற்கு அளவு எடுக்கக் காரைக்காலில் காதர் பாயின் லேத் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். காதர் பாய் மில்லுக்கு ரிப்பேர் பார்க்க வருகிறவர். மெலிந்த ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றேன். லேத்தில் இரும்புச் சுருள் சுருளாகப் புகைந்து விழுந்துகொண்டிருந்தது.

“வாங்கக்கா. என்ன, மில்லுலேர்ந்து ஏதும் சொல்லிவிட்டாங்களா?”

“மில்லுலேர்ந்து என்னை அனுப்பிட்டாங்க பாய். அதான் வந்தேன். அந்தத் துண்ட எனக்குக் காட்டுங்க.”

“அத நீங்க பாத்து என்னக்கா பண்ணப் போறீங்க?”

“கல்லு முறிச்சதா, இல்ல வேற எதுவுமான்னு நீங்க சொல்லணும்.”

லேத்தை நிறுத்தினார். முதலாளி அவருக்கு வாடிக்கை. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் நகராமல் நின்றேன்.

“என்னைக் கேட்டதா யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

“சொல்லுவேன் பாய். சொல்லுறதுக்குத்தான் கேக்க வந்தேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அல்லாவே, நல்ல ஆளுக்கா நீங்க” என்று துண்டை எடுத்து வந்து, முறிந்த முகத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பி வைத்தார்.

பார்த்தேன். ஒரே முகம், ஆனால் இரண்டு நிறம். பெரும்பகுதி கறுத்து வழவழவென்று இருந்தது. அதில் கிளிஞ்சல் ஓட்டின் முதுகில் இருக்குமே வரி வரியாக, அப்படி வளைந்த வரிகள். ஒரு ஓரத்தில் நெருக்கமாக ஆரம்பித்து, போகப் போக அகன்று வந்தன. மிச்சம் கொஞ்ச இடம் மட்டும் பளிச்சென்று, பொடிப்பொடியாக மின்னியது.

“இந்தப் பளபளப்பு இருக்குல்ல, இது மட்டுந்தான் அன்னிக்கு முறிஞ்சது. இந்தக் கறுப்பு அன்னிக்கு முறிஞ்சது இல்ல. பல மாசமா முறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. ஓரத்துல விரிசல் விட்டு, எண்ணெ எறங்கி, துரு ஏறி, ஒண்ணோடொண்ணு தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கு. கல்லு மாட்டி ஒரே வெட்டுல போயிருந்தா, முகம் பூரா பளபளன்னுதான் இருக்கணும்.”

“கண்ணுக்குத் தெரியாமலா?”

“வாளிக் கம்பிய ஒரே இழுப்புல அறுப்பீங்களா? முடியாது. இப்பிடியும் அப்பிடியும் மடக்கிக்கிட்டே இருந்தா?”

“விட்டுடும்.”

“அதுதான். பெல்ட்டு ஷாப்டக் கீழ இழுக்குது. அது சுத்துது. இப்ப மேல் பக்கம் இழுபடும், அரைச் சுத்து ஆனா அதே பக்கம் அமுங்கும். ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ, ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு நெனைச்சுப் பாருங்க. மில்ல நிறுத்தி நிறுத்தி ஓட்டினதுக்குத்தான் இந்த வரியெல்லாம்.”

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒரு சந்தேகம். முதலாளி அப்பா காலத்துப் பழைய ஷாப்ட் என் கண்ணுக்குத் தெரிந்தே பல வருஷம் ஓடியது. புதுசு ஒரு வருஷத்தில் போய்விட்டதே, அப்படியானால் இது மட்டமான இரும்பா என்று கேட்டேன்.

பாய் மூலையில் கிடந்த குப்பையில் கைவிட்டு ஒரு பழைய துண்டை எடுத்தார். அதே மில்லின் பழைய ஷாப்ட். கழற்றிய பிறகு பழைய இரும்புக்குப் போட அடித்து உடைத்தது. அந்த முகத்தை இதன் பக்கத்தில் வைத்தார்.

“உங்களுக்கு அரிசி தெரியும். பாத்துச் சொல்லுங்க.”

பழசு நொய்யரிசி மாதிரி பெரிய பெரிய மணியாக இருந்தது. புதுசின் பளபளப்பு ரவைகூட இல்லை, சலித்த மாவு. விரலால் தடவினேன். நயம் என்று முதலாளி சொன்னது பொய் இல்லை.

“மணி நுணுக்கமா இருந்தா இரும்பு கெட்டி. வழவழன்னு கடைஞ்சு விட்டா லேசுல விரிசல் விடாது. அந்த நம்பிக்கையிலதான் பழச விடக் கொஞ்சம் ஒல்லியாவே போட்டோம். ஆனா இதுக்கு ஒரு குணம். மேல ஒரு கூரான வெட்டு விழுந்துச்சுன்னா பொறுக்காது. பழசு இளசு இரும்பு, தடியும் கூட. வெட்டு விழுந்தாலும் அந்த மொனைய தானே மழுக்கிக்கும். இது மழுக்காது. அந்த மொனையிலேர்ந்தே வாயத் தொறக்கும்.”

“வெட்டு எங்க விழுந்துச்சு?”

அவர் வரிகள் நெருக்கமாக ஆரம்பித்த அந்த ஓரத்தில் விரலை வைத்தார்.

சனிக்குப் பிடிபடாதவர்

அங்கே ஒரு வளைவு இருந்தது. பாதி இந்தத் துண்டில், மீதிப் பாதி மில்லில் கிடக்கிற துண்டில். உளியால் வெட்டிய வளைவு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை வெட்டும்போது நானும்தான் குலவை போட்டேன்.

எங்கள் பக்கத்தில் இரும்பு என்றால் சனீஸ்வரன் பொருள். திருநள்ளாறு கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது. பயம் இருக்காதா? புது மிஷின் வந்தால் சனிக்கிழமை தொடமாட்டார்கள். முதலாளியின் அப்பா அதற்கும் மேலே ஒரு வழக்கம் வைத்திருந்தார். சனி பிடிக்க முடியாதவர் பிள்ளையார் ஒருத்தர்தானே? ஆகவே சுற்றுகிற இரும்பு எதுவானாலும் அதன் உடம்பில் பிள்ளையார் சுழி இருக்கவேண்டும். குங்குமத்தில் போட்டால் எண்ணெயில் வழிந்துவிடும், சுற்றுகிற வேகத்தில் தெறித்துவிடும் என்று உளியால் வெட்டிவிடுவார்.

புது ஷாப்ட் வந்தபோது மகனும் அதையே செய்தார். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பெரிய புல்லிக்குப் பக்கத்திலேயே உளியை வைத்துத் தன் கையாலேயே அடித்தார். இரும்பு கெட்டி, இறங்கவில்லை. உளியை மாற்றி மாற்றி ஆழமாக அடித்தார். நாங்கள் குலவை போட்டோம். எனக்கு அன்றைக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

“நான் அப்பவே பேச நெனைச்சேன்கா” என்றார் காதர் பாய். “சாமி காரியம். நான் வேற ஆளு. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவர் இன்னொன்று சொன்னார். “அந்த வெட்டச் சுத்தி உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கு பாருங்க. சமீபத்துல. யாரோ இந்த எடத்தக் கவனிச்சிருக்காங்க.”

துண்டைக் கொடுக்கமாட்டேன் என்றார். ஒரு நாளைக்கு மட்டும் என்று கெஞ்சி வாங்கினேன். கோணிப்பையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “என்ன, பலாப்பழமா?” என்று கேட்டார்.

“சாமி மேல பழி போடுறியா?”

முதலாளி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். துண்டை அவர் மேஜை மேல் வைத்தேன். பாய் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கறுப்பு, பளபளப்பு, வரி, வளைவு. பாதி கேட்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. புரியவில்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அவருக்கு நன்றாகப் புரிந்தது.

“எங்கப்பா காலத்துலேர்ந்து போடுறோம். அந்த ஷாப்டு முறிஞ்சுதா?”

“அது வேற இரும்பு மொதலாளி. நொய்யும் மாவும் ஒண்ணா?”

“படிக்காத பொம்பள, இரும்பு பாக்க வந்துட்டியா? பிள்ளையாரால ஷாப்டு முறிஞ்சுதுன்னு ஊருக்குள்ள சொல்லப் போறியா? சாமி மேல பழி போடுறியா?”

“பிள்ளையாரு உளிய எடுக்கச் சொல்லல. எடுத்தது நீங்க.”

எழுந்து நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைலேர்ந்து வேலைக்கு வா. சலிக்கிறவங்களுக்கு நீயே மேஸ்திரியா இரு. இத இங்கயே விட்டுடு.”

பாருங்கள் நியாயத்தை. கல் விட்டவள் என்றால் வேலை கிடையாது. விடாதவள் என்று தெரிந்தால் மேஸ்திரி. ஆனால் தெரிந்தது அவர் மேஜையைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

“கோவிந்தராசு அண்ணன் வீட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. ‘தையலு கல்லு விடல’ன்னு. அது போதும். மேஸ்திரி வேலையெல்லாம் வாணாம்.”

“அது முடியாது.”

துண்டை மறுபடி கோணிப்பையில் சுற்றினேன். வாசல் வரைக்கும் வந்து, “அது மில்லுச் சாமான், வெச்சுட்டுப் போ” என்றார். காதர் பாய்கிட்ட வாங்கினது, அவர்கிட்டதான் கொடுப்பேன் என்று நடந்துவிட்டேன்.

நீட்டிய கால்

காமாட்சி அடுப்பில் உலை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊதுகுழலைக் கீழே போட்டாள். “யாரு உன்ன உள்ள விட்டது?”

நான் அவளிடம் பேசவில்லை. கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்த கோவிந்தராசு அண்ணன் முன்னால் கோணிப்பையை அவிழ்த்தேன்.

“அண்ணே, இந்த வெட்டுக்கிட்ட உப்புத்தாள் போட்டுத் தேச்சது யாரு?”

அவர் துண்டைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஷாப்டைத் தொடுகிற கை மில்லில் ஒன்றுதான் உண்டு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“என்னய்யா கேக்குறா இவ?” என்றாள் காமாட்சி. “வாயத் தொறந்து சொல்லேன்.”

சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

“சுழியிலேர்ந்து துரு செவப்பா ஒரு நூலு மாதிரி ஓடுச்சு. வேஸ்ட்டுத் துணியால தொடைப்பேன். மறுநா காலைல மறுபடி வந்துடும். உப்புத்தாள் போட்டுப் பாத்தேன். அப்பவும் வந்துச்சு. மொதலாளிகிட்ட சொன்னேன். ‘சுழிக்குள்ள எண்ணெ எறங்குதுடா, அத நோண்டாத, சம்பா அரவை முடியட்டும்’னாரு.”

“எப்ப சொன்ன?” என்றாள் காமாட்சி.

“முறியறதுக்கு ஒரு மாசம் இருக்கும்.”

“அப்ப அவருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.” காமாட்சி குரல் எழும்பவே இல்லை. “ஆஸ்பத்திரில வலில பொலம்புனப்பகூட இவ பேரத்தானேய்யா சொன்ன?”

“அவரு வந்து கட்டில் பக்கத்துல நின்னாரு காமாட்சி. ‘மடங்காத காலோட உன்ன எந்த மில்லுல சேத்துப்பான், நான் சேத்துக்குறேன், கல்லுன்னே இருக்கட்டும்’னாரு. நான் என்ன பண்ண?”

என்ன பண்ணுவது! எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கட்டிலோடு கவிழ்த்துவிடலாம் போலவும் இருந்தது. நூல் மாதிரி சிவப்பு தெரிந்தது ஒருத்தருக்கு. கேட்டும் ஓட்டச் சொன்னது ஒருத்தர். பக்கத்தில் நின்று உளி விழுவதைப் பார்த்தது ஒருத்தர். மூன்று ஆம்பிளைக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒருத்தி தலையில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கல்லை வைத்தார்கள்.

காமாட்சி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவள் வழக்கமும் இல்லை. துண்டைத் தூக்கி, அந்த வரிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஸ்விட்ச்

அடுத்த மாசம் புது ஷாப்ட் மாட்டினார்கள். எனக்கு அழைப்பு இல்லை. நான் போவதாகவும் இல்லை. காலையில் காமாட்சி தலைக்குக் குளித்து, வாசலில் வந்து நின்று, “கெளம்பு” என்றாள். அவ்வளவுதான்.

மில் நிறைய ஆள். நெல் கொண்டுவந்தவர்கள், களத்துப் பெண்கள், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். காதர் பாய் ஷாப்டை மாட்டிவிட்டு, துணியால் துடைத்துத் துடைத்து அதன் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றார். உளி பட்டால் நான் பொறுப்பு இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டாராம். கோவிந்தராசு அண்ணனுக்கு ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

முதலாளி கற்பூரம் காட்டினார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தது. விரலால் தொட்டு ஷாப்டில் சுழி போட்டார். மேலே ஒரு குங்குமம். கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஏன் மொதலாளி,” என்றாள் காமாட்சி. கூட்டத்தின் நடுவிலிருந்து, நிதானமாக. “இந்தத் தடவ உளி இல்லையா?”

குலவை போட வாயெடுத்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

“சந்தனமே போதும்” என்றார்.

அப்போது நான் பேசினேன். கத்தவில்லை. “இப்பப் போதும்னா, போன தடவையும் போதும்தானே மொதலாளி? அப்ப ஷாப்ட முறிச்சது யாரு?”

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் புது ஷாப்டைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், அப்புறம் முதலாளியைப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்வை இந்தத் தடவை சரியான இடத்துக்குப் போனது.

“டேய் கோவிந்தராசு, ஸ்விட்ச்சப் போடு.”

அண்ணன் கை மடியிலேயே இருந்தது.

“போடுறா.”

“அந்தப் பொண்ணு கேட்டதுக்குச் சொல்லிடுங்க மொதலாளி,” என்றார். “அப்புறம் போடுறேன்.”

முதலாளி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். கூட்டத்தைத் தாண்டி நடந்துபோய், அண்ணனுடைய நீட்டிய காலைச் சுற்றிக்கொண்டு, தன் கையாலேயே ஸ்விட்ச்சைப் போட்டார். மில் இரைந்தது. அதற்கு மேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

கோவிந்தராசு அண்ணனை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாது.

மறுநாள் மில்லிலிருந்து ஓர் ஆள் என் வீட்டுக்கு வந்தான். முதலாளி வேலைக்கு வரச் சொன்னார் என்றான்.

“பதிலோட வந்தியா, சும்மா வந்தியா?” என்று கேட்டேன்.

“சும்மாதான்கா வந்தேன்.”

“அப்ப சும்மாவே போ” என்றேன்.